பெட்டி கரைக்கு வந்தது

"பெட்டி கரையில் இருப்பது உறுதியானதும், தேடலை முடிக்க இந்தக் கருவியைப் பயன்படுத்தவும்."

மகுடபதி இந்த வரியைத் திரையில் பார்த்து உரக்கப் படித்தார். பிறகு நாற்காலியோடு வினோலியாவின் பக்கம் திரும்பினார்.

"எப்பப் பயன்படுத்தணும்னு இருக்குதுங்க. எப்பப் பயன்படுத்தக் கூடாதுன்னும் ஒரு வரி எழுதச் சொல்லி மேல இருந்து உத்தரவு வந்திருக்குது. எல்லாக் கருவிக்குமாம். இதுக்கு என்ன எழுதலாம்?"

"இதுக்கு ஒண்ணும் வேண்டாம் சார். கரைக்கு வந்துட்டா வந்ததுதானே."

"நீங்க சொன்னாச் சரிதானுங்க. நான் பொள்ளாச்சிக்காரன். கிணத்துக்கு மேல தண்ணியப் பார்த்தவனில்லை."

அவர் சிரித்துக்கொண்டே திரையின் பக்கம் திரும்பிவிட்டார். வினோலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கடற்கரையில் பிறந்தவள். அந்தக் கருவிக்கு என்ன எழுத வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தெரிந்தே வேண்டாம் என்று சொன்னாள்.

தூத்துக்குடிக் கடலில் போகிற ஒவ்வொரு படகிலும் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. அது படகு எங்கே இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது விழி. விழி என்றால் பெரிய மாயம் எதுவும் இல்லை, கடல் பாதுகாப்பு மையத்தின் செயற்கை அறிவு. முன்பு ஓர் அறை நிறைய ஆட்கள் கண்விழித்துச் செய்த வேலையை அது தனியாகச் செய்தது. காற்று வலுத்தால் கடலில் இருக்கும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தேடலைத் திறக்கும், மீட்புப் படகை அனுப்பும், சங்கை ஊதும், எல்லாம் முடிந்ததும் தேடலை மூடும். ஒவ்வொன்றுக்கும் அதனிடம் ஒரு கருவி இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் நாலைந்து வரியில் ஒரு குறிப்பு. எந்த நேரத்தில் எந்தக் கருவியை எடுப்பது என்று அந்தக் குறிப்பைப் படித்துத்தான் விழி முடிவு செய்யும். அந்த நாலைந்து வரிகளை எழுதுவதுதான் வினோலியாவுக்கும் மகுடபதிக்கும் வேலை.

கேட்பதற்குச் சுலபமான வேலையாகத் தோன்றும். கடையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் பாதி சொன்னால் போதும், மீதியை ஆளையும் இடத்தையும் பார்த்து அவனே தெரிந்துகொள்வான். விழிக்குப் பார்க்க எதுவும் கிடையாது. சந்தேகம் வந்தால் கேட்கலாம் என்பதுகூட அதற்கு எழுதிக் கொடுத்தால்தான் தெரியும். அதனால்தான் அந்த மாதம் மகுடபதி புதிதாக ஒரு கருவி சேர்த்திருந்தார். அதற்கு 'வீட்டாரைக் கேள்' என்று பெயர். படகுக்காரர் வீட்டுக்குப் போன் செய்து, ஆள் வந்துவிட்டாரா என்று விழியே விசாரிக்கும்.

வினோலியா எழுதாமல் விட்டது இதுதான். பெட்டி கரைக்கு வந்தால் ஆள் கரைக்கு வந்ததாக அர்த்தம் இல்லை.

பாதுகாப்புக்காக எல்லாப் படகும் எல்லாருடைய போனிலும் தெரியும்படி மையம் ஏற்பாடு செய்திருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் மீன் பிடிக்கிறவனிடம் யாரும் கேட்கவில்லை. கடலடிப் பாறைத் திட்டை 'பார்' என்பார்கள். நல்ல மீன் கிடைக்கிற பார் ஒன்றை ஒருவன் கண்டுபிடித்தால், அடுத்த நாளே ஊரெல்லாம் அங்கே வந்து நிற்கும். ஆகவே பாரை வைத்திருக்கிறவன், கடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், கரைக்குத் திரும்புகிற கூட்டாளியின் வள்ளத்தில் தன் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டுப் பாருக்குப் போவான். போனில் பார்க்கிறவனுக்கு இவன் கரையில் படுத்துத் தூங்குகிற மாதிரி தெரியும். வினோலியாவின் ஊரான சந்தியாகுபுரத்தில் இதைச் செய்யாத ஆண் இல்லை. பிடிபட்டால் படகு உரிமம் போய்விடும் என்பதால் இதைப் பற்றி வெளியாளிடம் வாய் திறக்கிற ஆளும் இல்லை. வினோலியா இதைக் குறிப்பில் எழுதினால், ஊரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவாள். எழுதாமல் இருந்தது ஊர்ப்பாசத்தில்தான். பாசத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நாமெல்லாம் எத்தனையோ செய்கிறோம்.

அவளுடைய அண்ணன் ரெமிஜியூஸ் போன வருஷம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தனியாக வள்ளத்தில் போனான். அன்று ராத்திரி காற்று திடீரென்று பேயாக அடித்தது. விழி எல்லாப் படகுக்கும் தேடலைத் திறந்தது. ரெமிஜியூஸின் பெட்டி கரையில் இருந்ததால் அவனுடைய தேடலை உடனே மூடியது. ஆள் வீடு வந்து சேரவில்லை. அவன் மனைவி கிளாடிஸ் மறுநாள் மையத்துக்கு ஓடினாள். காவல் நிலையத்துக்கு ஓடினாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான். பதிவில் அவர் கரை சேர்ந்துவிட்டார், நீங்கள் வீட்டில் தேடுங்கள்.

கொஞ்ச நாளில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. ரெமிஜியூஸ் கரைக்கு வந்து, பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வள்ளத்தைக் கேரளாப் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டானாம். கொல்லத்தில் ஒருத்தியோடு இருக்கிறானாம். பார்த்தேன் என்று சொல்லக்கூட ஓர் ஆள் கிடைத்தான்.

வினோலியாவும் அந்த நாட்களில் அண்ணனின் கூட்டாளி லியோனிடம் போய்க் கேட்டாள். "பெட்டியோட அவனேதான் வந்து எறங்குனான்" என்று லியோன் சத்தியம் செய்தான். அவள் அதை நம்பினாள். நம்பாவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மேலிடத்து உத்தரவு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் மதினியைப் பார்க்கப் போனாள். கிளாடிஸ் நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கோடுகள். ஆனால் உடுத்தியிருந்தது நல்ல சிவப்புச் சேலை, கழுத்தில் தாலி. நான் ஒன்றும் தாலியறுத்தவள் இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே அவள் ஞாயிறுதோறும் அப்படி உடுத்துவாள்.

"கல்லறைத் திருநாள் வருதுல்லா, கடல்ல போனவுக பேரெல்லாம் பூசையில வாசிக்கணும்னு சாமியார் கேட்டாரு" என்றாள் கிளாடிஸ். "ரெமிஜியூஸ் பேரையும் சேக்கவாம்மான்னாரு. சேக்காதீங்க சாமின்னுட்டேன். அவன் கொல்லத்துல குத்துக்கல்லு மாதிரி இருக்கான். வரட்டும், வாசல்ல வச்சே வெளக்குமாத்தால சாத்துதேன்."

"மதினி..."

"என்னட்டி? ஒங்கண்ணனச் சொன்னா ஒனக்குக் கோவம் வருதோ? காலைல எந்திச்சதும் அவனை நாலு வார்த்தை வையாம நான் காப்பி குடிக்கதில்ல, பாத்துக்க."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. வினோலியாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அங்கிருந்து எழுந்து நேராகக் கடற்கரைக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. லியோன் வள்ளத்து நிழலில் நாலு பேரோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். இவள் வருகிற வேகத்தைப் பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து தள்ளி வந்தான்.

"லியோன் அண்ணே, கச்சான் காலம் அடுத்த வருசமும் வரும். இனியும் ஒருத்தன் போயிருவான். இப்பமாவது சொல்லுங்க. அண்ணன் பெட்டியோட கரைக்கு வந்துச்சா?"

லியோன் சீட்டாடுகிறவர்களுக்குக் கேட்காதபடி இன்னும் தள்ளிப் போனான்.

"பெட்டிய என்ட்டதான் குடுத்தான்" என்றான். "காத்து வரும் போலருக்கு, வாலேன்னேன். நல்ல பாரு ஒண்ணு கெடச்சிருக்கு, ஒரு பாடு வலை போட்டுட்டு வந்துருதேன்னான். சிரிச்சிட்டேதான் போனான். நான் கரைக்கு வந்தபொறவுதான் காத்து அடிச்சுது."

"மையத்துக்கு ஒரு போன் போட்டுருக்கலாமே?"

"போட்டா என்னன்னு சொல்ல? பெட்டி ஏன் ஒன் கையில இருக்குன்னு கேப்பான்லா? விடிஞ்சதும் நாங்களே நாலு வள்ளம் எடுத்துட்டுப் போனோம் மக்கா. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தேடுனோம். தேடாம விட்டோம்னு மட்டும் நெனச்சிராத. டீசல் தீந்து பாய் கெட்டிட்டு வந்தோம். அவன் தண்ணிக் கேன் ஒண்ணு மெதந்துச்சு. அவ்வளவுதான்."

"அப்பம் கொல்லத்துல இருக்கான்னு சொன்னது?"

"யாரோ சொன்னாவ. நாங்க ஆமாம்னுட்டோம். அவளும் நம்புனா. எங்கயோ உயிரோட இருக்கான்னு இருக்கட்டும்னு விட்டோம். பாவம்னுதாம்மா விட்டோம்."

"பாவம்னா? அவ ஒரு வருசமா ஊர் முன்னாடி தலைகுனிஞ்சு நடக்கா."

"எழுதிராத மக்கா. எழுதுனா ஊர்ல ஒரு வள்ளம் எறங்காது."

வினோலியாவுக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவன் செய்ததையேதான் அவளும் அலுவலகத்தில் குளிர்காற்றில் உட்கார்ந்துகொண்டு செய்திருந்தாள். அவன் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டான். அவள் அந்தக் குறிப்பைத் திறந்து திருத்திய ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் வந்ததும் அவள் தேடலை முடிக்கும் கருவியின் குறிப்பைத் திறந்து, பழைய வரிக்குக் கீழே எழுதினாள்.

"பெட்டி கரையில் இருப்பதை மட்டும் வைத்துத் தேடலை முடிக்கக் கூடாது. இந்தக் கரையில் மீனவர்கள் தங்கள் பெட்டியைக் கரை திரும்பும் வேறு படகில் கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. ஆள் வந்துவிட்டார் என்று வீட்டார் சொன்ன பிறகே முடிக்கவும். வீட்டார் இல்லை என்றால் தேடலைத் தொடரவும்."

மகுடபதி வந்து படித்தார். ஒரு தடவை படித்தவர் மறுபடியும் படித்தார்.

"இது உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?"

"தெரியும் சார்."

"அன்னைக்கு வேண்டாம்னீங்களே."

"ஆமா சார்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குறிப்பு மாறினா என்ன பண்ணுவோம்னு உங்களுக்கே தெரியுமுங்க" என்றார் கடைசியில். "பழைய ராத்திரிகளை எல்லாம் விழிக்கு மறுபடி ஓட்டிக் காட்டணும். அந்த ராத்திரிதான் இப்ப நடக்குதுன்னு அது நினைச்சுக்கும். புதுக் குறிப்பை வெச்சு என்ன முடிவெடுக்குதுன்னு பார்க்கணும். காத்தடிச்ச ராத்திரி ஒண்ணு விடாம ஓட்டணும். உங்க அண்ணன் போன ராத்திரியும் வருமுங்க."

"தெரியும் சார். அதான் இன்னைக்கு எனக்கு லீவு வேணும். இங்க உக்காந்து என்னால பாக்க முடியாது. அது வெளிய வரதுக்கு முன்னாடி நானே மதினிட்ட சொல்லிரணும்."

"போங்க. நான் பார்த்துக்கறேன்."

பஸ்ஸில் அவள் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். நாளெல்லாம் எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறவள்தான். ஒரு பெண்ணிடம் உன் புருஷன் செத்துவிட்டான் என்று சொல்ல அவளுக்கு ஒரு வரி அமையவில்லை.

கிளாடிஸ் அப்போதுதான் நண்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வினோலியா ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, பார், பெட்டி, லியோன், தண்ணிக் கேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். தான் எழுதாமல் விட்டதையும் சொன்னாள்.

கிளாடிஸ் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"அந்த மெசினுக்குப் புத்தி இல்லையோ?" என்று கேட்டாள். "பெட்டி வந்துச்சு, ஆளு எங்கன்னு கேக்கத் தெரியாதா?"

"புத்தியெல்லாம் நெறைய இருக்கு மதினி. நாம எழுதிக் குடுத்ததுதான் அதுக்குத் தெரியும். கேளுன்னு நான் எழுதல."

"அப்பம் அவுக கொல்லத்துக்குப் போகல."

"போகல மதினி. அண்ணன் உங்கள விட்டுட்டு எங்கயும் போகல."

இத்தனை நாளும் அவன், இவன் என்று திட்டிக்கொண்டிருந்தவள் இப்போது அவுக என்றாள். மதினிக்கு இந்தச் செய்தியில் ஒரு ஆறுதலாவது கிடைக்கும் என்று வினோலியா வழியெல்லாம் நினைத்திருந்தாள். ஊர் முன்னால் இனித் தலை நிமிர்ந்து நடக்கலாமே என்று நினைத்திருந்தாள்.

"ஏட்டி வினோ" என்றாள் கிளாடிஸ். "வெக்கங்கெட்டவளா இருந்தாலும் நேத்து வரைக்கும் எனக்குப் புருசன் இருந்தாம்ட்டி. தெனமும் வஞ்சேன். உயிரோட இருக்கவனத்தானே வைய முடியும். இனி காலைல எந்திச்சு நான் யாரை வைவேன்?"

வினோலியா அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே உட்கார்ந்து அழுதார்கள்.

கிளாடிஸின் போன் அடித்தது. கம்பெனி மேஸ்திரியாக இருக்கும் என்று நினைத்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஈரக் கை பட்டு ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

"வணக்கம். கடல் பாதுகாப்பு மையத்திலிருந்து விழி பேசுகிறேன். ரெமிஜியூஸ் அவர்களின் வீடுதானே?"

பணிவான பெண் குரல். என்ன நடக்கிறது என்று வினோலியாவுக்கு உடனே புரிந்தது. பழைய ராத்திரிகளை ஓட்டும்போது கருவிகளை எல்லாம் வெளியுலகத்திலிருந்து கழற்றிவிட்டுப் பொம்மைக் கருவிகளை மாட்டி வைப்பார்கள். விழி மீட்புப் படகை அனுப்பியதாக நினைத்துக்கொள்ளும், படகு எதுவும் போகாது. சங்கை ஊதியதாக நினைத்துக்கொள்ளும், ஊதாது. 'வீட்டாரைக் கேள்' இந்த மாதம்தான் வந்த கருவி. அதற்குப் பொம்மை செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

"ஆமா" என்றாள் கிளாடிஸ்.

"கடலில் இப்போது காற்று பலமாக இருக்கிறது. ரெமிஜியூஸ் அவர்களின் பெட்டி கரையில் இருக்கிறது. ஆனால் அவர் வந்துவிட்டாரா என்று உங்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். அவர் வீட்டுக்கு வந்துவிட்டாரா?"

வாசலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வினோலியா போனை வாங்கக் கையை நீட்டினாள். "குடுங்க மதினி, தப்பா வந்துருக்கு, நான் பேசுதேன்."

கிளாடிஸ் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

"இல்லம்மா" என்றாள். "அவுக இன்னும் வரல."

"நன்றி. அவர் தனியாகப் போனாரா?"

"தனியாத்தான் போனாவ. நீலக் கலர் வள்ளம்."

"என்ன உடை அணிந்திருந்தார்?"

"மஞ்சச் சட்டை. நான்தான் எடுத்துக் குடுத்தேன். கையில காயம் ஒண்ணு இருந்துச்சு, துணி சுத்தி விட்டேன்."

"அவருக்கு நீந்தத் தெரியுமா?"

"நல்லா நீந்துவாவ. ஒரு நாள் முழுக்கக்கூட மெதந்து கெடப்பாவ."

அந்த ராத்திரிக்கு மறுநாள் அவள் இதையெல்லாம் சொல்வதற்காக வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஒரு குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் நிதானமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் பதில் சொன்னாள்.

"நன்றி. இந்த விவரங்கள் போதும். தேடலை நான் மூடவில்லை. மீட்புப் படகு கிளம்பிவிட்டது. காற்றின் போக்கைப் பார்த்தால் விடியும் முன் அவரை எட்டிவிட முடியும். அவர் கிடைத்ததும் உங்களை அழைக்கிறேன். உங்கள் போனை அருகிலேயே வைத்திருங்கள்."

"சரிம்மா" என்றாள் கிளாடிஸ். "பாத்துக் கூட்டிட்டு வாங்க."

குரல் நின்றது. உடனே வினோலியாவின் பையில் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது. மகுடபதியாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. விடியும் முன் எட்டிவிட முடியும் என்ற வார்த்தை காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஜென்மத்துக்கும் அது கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"மதினி, அது பழைய ராத்திரி. நெசமில்ல. படகு எதுவும் போகல. அது திரும்பப் போன் பண்ணாது."

"தெரியும்ட்டி" என்றாள் கிளாடிஸ். "எனக்குத் தெரியாதா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. இருந்தாலும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.